பல பல்கலைக்கழகங்கள், ஒரே பட்டம்: கூட்டு இணையவழி முதுகலைப் படிப்பில் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழி முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, முதல் பருவத்துக்கான பாடங்களைப் பதிவு செய்ய உட்காரும்போது சிலர் திகைத்துப் போவதுண்டு. இடம் கொடுத்தது கான்சாஸில் உள்ள பல்கலைக்கழகம். ஆனால் முதல் பாடத்தை நடத்தவிருக்கும் பேராசிரியர் நெப்ராஸ்காவில் இருக்கிறார், இரண்டாவது பாடத்தின் பேராசிரியர் வடக்கு டகோட்டாவில் இருக்கிறார். இதில் தவறு ஏதும் நேர்ந்துவிடவில்லை. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் பேராசிரியர்களையும் பாடங்களையும் பொதுவில் வைத்து, ஒரே பாடத்திட்டத்தைச் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பட்டப்படிப்பின் இயல்பே இதுதான். இத்தகைய படிப்பில் மாணவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் பாடத்துக்குள் இருப்பதில்லை; எந்தக் கேள்வியை எந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்பது என்பதில்தான் இருக்கிறது. அந்தக் குழப்பத்தைத் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளுதல்

இவ்வகைக் கூட்டமைப்புகளில் நெடுங்காலமாக இயங்கி வருவது 'கிரேட் பிளெயின்ஸ் ஐடியா'. 1994இல், அமெரிக்காவின் பெருஞ்சமவெளி மாநிலங்களில் உள்ள பல்கலைக்கழகங்களின் மனித அறிவியல் கல்லூரிகள் (குடும்பம், சத்துணவு போன்ற துறைகளைக் கற்பிப்பவை) இதைத் தொடங்கின. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், அயோவா மாநிலப் பல்கலைக்கழகம், நெப்ராஸ்கா–லிங்கன் பல்கலைக்கழகம், வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மொன்டானா, ஓக்லஹோமா ஆகியவற்றின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் போன்றவை இதில் பங்கேற்று வந்துள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை, கல்லூரிகள் அமைக்க மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தின் வழியே உருவான, நிலக்கொடைப் பல்கலைக்கழகங்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. தங்கள் மாநிலத்தின் சிற்றூர்களுக்கும் கல்வியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவற்றின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று.

அவை ஏன் கைகோத்தன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். முதியோரியல் என்ற துறையை எடுத்துக்கொள்வோம். முதுமையின் உடலியல், முதியோரின் குடும்ப உறவுகள், அவர்களுடைய வீட்டுவசதி, சத்துணவு, பொதுக்கொள்கை என ஒரு முழு முதுகலைப் படிப்புக்கு வெவ்வேறு தேர்ச்சி பெற்ற பல பேராசிரியர்கள் தேவை. மக்கள்தொகை குறைந்த ஒரு மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் அத்துறையில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சேர விரும்பும் மாணவர்களும் ஒரு சிலரே இருப்பார்கள். தனித்து நின்றால் எவராலும் அந்தப் படிப்பைத் தொடங்க முடியாது. ஆளுக்கு ஒன்றிரண்டு பாடங்களை ஏற்றுக்கொண்டால் முழுப் பட்டமே உருவாகிவிடும். சிறிய நிறுவனங்களும் தரமான உயர்கல்வியைத் தர இதைவிட நேர்மையான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பங்கேற்பவர்கள் சமமானவர்களாக நடந்துகொள்ள வேண்டும், தலைமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒவ்வொரு நிறுவனத்தின் வேறுபாட்டையும் மதிக்க வேண்டும், மாணவரின் பாதையை எளிதாக்க வேண்டும் என்பவை அந்தக் கூட்டமைப்பு தனக்கென வகுத்துக்கொண்ட நெறிகள்.

மாணவர் மனத்தில் இருத்த வேண்டிய பெயர்கள் இரண்டு. நீங்கள் விண்ணப்பித்து, சேர்ந்து, கட்டணம் செலுத்தி, இறுதியில் பட்டம் பெறுவது எந்தப் பல்கலைக்கழகத்திடமோ அதுவே உங்கள் தாய்ப் பல்கலைக்கழகம். குறிப்பிட்ட ஒரு பாடத்தை நடத்துவது கற்பிக்கும் பல்கலைக்கழகம். முதலாவது படிப்பு முடியும் வரை மாறாது. இரண்டாவது பாடத்துக்குப் பாடம் மாறும். கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் எதற்கும் நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அங்கே படித்த பாடங்கள், வேறு கல்லூரியிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பாடங்களாகக் கருதப்படாமல், தாய்ப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாடங்களாகவே உங்கள் மதிப்பெண் பட்டியலில் பதிவாகும். வெளியிலிருந்து மாற்றிக் கொண்டுவரும் பாடங்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் உச்சவரம்பு வைத்திருப்பதால், இந்த ஏற்பாடு இல்லாமல் கூட்டுப் பட்டம் என்பதே நடவாது.

எல்லாக் கூட்டமைப்புகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஜார்ஜியா மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து 2001இல் தொடங்கிய 'ஜார்ஜியா வெப்எம்பிஏ' வேறு விதமானது. கென்னசா மாநிலப் பல்கலைக்கழகம், ஜார்ஜியா சதர்ன், வால்டோஸ்டா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை பங்கேற்ற அந்தப் படிப்பில் மாணவர்கள் ஒரே அணியாகத் தொடங்கி, பருவத்துக்கு இரண்டு பாடங்கள் வீதம் ஐந்து பருவங்களில் பத்துப் பாடங்களை ஒன்றாகவே முடிக்கும் வகையில் திட்டம் அமைந்தது; தொடக்கத்தில் இரண்டு நாள் அறிமுக முகாம் நேரில் நடந்தது. பணியிலும் குடும்பத்திலும் இருந்துகொண்டு தம் வேகத்தில் படிக்க வேண்டியவருக்கு கிரேட் பிளெயின்ஸ் வகை பொருந்தும். சேர்ந்து ஓடும் துணை இருந்தால்தான் படிப்பு நகரும் என்று தம்மை அறிந்தவருக்கு அணிவகை பொருந்தும். எது உங்களுக்கு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தாய்ப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

பாடங்களும் பேராசிரியர்களும் எல்லாருக்கும் பொது; கூட்டமைப்பு ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) நிர்ணயிக்கும் கட்டணமும் பொது. அப்படியானால் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். உண்மையில் பல வேறுபாடுகள் உண்டு, அவற்றில் சில பிற்காலத்தில்தான் கனக்கும்.

முதலாவது, பட்டத்தின் பெயர். ஒரே பாடத்திட்டத்தைப் படித்தவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் 'மாஸ்டர் ஆஃப் சயன்ஸ்' என்றும் இன்னொன்று தன் துறையின் பெயரைத் தாங்கிய வேறொரு பட்டம் என்றும் வழங்குவதுண்டு. உங்கள் பணியிடமோ, பிறகு நீங்கள் சேர விரும்பும் முனைவர் படிப்போ குறிப்பிட்ட பெயரை எதிர்பார்த்தால் இது சிறு விஷயமாக இராது. இரண்டாவது, இறுதித் தேவை. ஆய்வேடு எழுத வேண்டுமா, முழுப் படிப்பையும் உள்ளடக்கிய தேர்வு எழுத வேண்டுமா, செயல்திட்டமோ தொகுப்பேடோ போதுமா என்பதைத் தாய்ப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. மூன்றாவது, எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும், ஒரு பருவம் பாடம் எடுக்காமல் இருந்தால் இடம் நீடிக்குமா என்ற விதிகள். இவற்றோடு முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு வேண்டுமா, இளங்கலையில் குறைந்தபட்சத் தகுதி என்ன என்பவற்றையும் பாருங்கள். இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் முதுகலைக் கையேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலை முழுவதும் படிப்பது, இந்தப் படிப்புக்காக நீங்கள் செலவிடும் மிகப் பயனுள்ள மாலையாக இருக்கும்.

ஒவ்வொரு படிப்பையும் எல்லா உறுப்புப் பல்கலைக்கழகங்களும் வழங்குவதில்லை என்பதையும், பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

கூட்டமைப்பு பட்டம் தருவதில்லை. பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆகவே தர அங்கீகாரத்தைப் பார்க்கும்போது உங்கள் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் தேட வேண்டும். அமெரிக்கக் கல்வித் துறை இதற்கென ஒரு தரவுத்தளத்தை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. நடுமேற்குப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு 'ஹையர் லேர்னிங் கமிஷன்' அங்கீகாரம் அளித்திருப்பதைக் காண்பீர்கள்.

அமெரிக்காவுக்குள் வேறொரு மாநிலத்தில் வசிப்பவர், அந்த மாநிலத்தில் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். 'சாரா' எனப்படும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தால் பெரும்பாலானோருக்கு இது தடையாக இருப்பதில்லை. கலிஃபோர்னியா அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நெடுங்காலம் நின்ற மாநிலம். உரிமம் தேவைப்படும் தொழிலுக்காகப் படிப்பவர்கள், தங்கள் மாநில உரிம வாரியம் அந்தப் படிப்பை ஏற்குமா என்பதைத் தனியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்பைக் கொண்டு அமெரிக்க மாணவர் விசா பெற முடியாது. எஃப்-1 எனப்படும் அந்த மாணவர் விசாவில் இருப்பவர், தம் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்தில் ஒரே ஓர் இணையவழிப் பாடத்தை, அதாவது மூன்று கிரெடிட்டை மட்டுமே சேர்க்கலாம். ஆகவே இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தபடி படிக்க நினைப்பவருக்கு இது இருந்த இடத்திலேயே படித்து முடிக்கும் பட்டம். அமெரிக்காவுக்குள் நுழையும் வழியாக இதை எண்ணிவிடக் கூடாது. அங்கே பணி விசாவில் இருப்பவரின் துணைவருக்கு வழங்கப்படும் எச்-4 விசாவில் ஏற்கனவே வாழ்பவர்களுக்கோ படிக்கத் தடை இல்லை. வேலைக்குச் செல்ல இயலாத ஆண்டுகளை இத்தகைய படிப்பில் செலவிடுவது நல்ல வழி என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, பட்டத்தைத் தாயகத்தில் ஏற்பார்களா என்பது. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல், வெளிநாட்டு நிறுவனங்களோடு இணைந்து கூட்டுப் பட்டமும் இரட்டைப் பட்டமும் வழங்குவதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. அவை இணையவழிக் கல்விக்கும் தொலைநிலைக் கல்விக்கும் பொருந்தா. 'கூட்டுப் பட்டம் இப்போது அனுமதிக்கப்பட்டுவிட்டது' என்ற பொதுவான செய்தியை நம்பி அரசுப் பணிக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ இந்தப் பட்டத்தைக் காட்ட நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெற வேண்டும். தனியார் நிறுவனத்தில் பணிபுரிபவர் தம் மனிதவளத் துறையிடம் கேட்டாலே போதும்.

விண்ணப்பம்

இது வழக்கமான முதுகலை விண்ணப்பமே: மதிப்பெண் பட்டியல்கள், நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், தேவைப்பட்டால் ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வு. மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க முதுகலைப் பள்ளிகளில் சில நான்காண்டு இளங்கலையையே எதிர்பார்க்கின்றன; சில, மூன்றாண்டுப் பட்டத்தோடு இந்தியாவில் பெற்ற முதுகலையும் இருந்தால் ஏற்கின்றன. கூட்டமைப்பின் உறுப்பினர்களுக்குள்ளேயே இது வேறுபடலாம் என்பதால், ஓரிடத்தில் மறுக்கப்பட்டவர் இன்னோரிடத்தில் கேட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு.

முழுப் படிப்புக்கும் ஒரு கால அட்டவணை

இடம் உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆலோசகரோடு அமர்ந்து கடைசிப் பருவம் வரைக்கும் பாடங்களை வரிசைப்படுத்துவது. பல பல்கலைக்கழகங்கள் பங்கிட்டு நடத்தும் படிப்பில் பெரும்பாலான பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், ஒரு பாடத்தை ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் நடத்தும். வசந்த பருவத்தில் மட்டும் வரும் பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பாடம் இன்னொன்றுக்கு முன்தேவையாக இருந்தால் தாமதம் இரட்டிக்கும்.

கணக்கு எளிமையானது. 36 கிரெடிட் கொண்ட படிப்பு என்றால் மூன்று கிரெடிட் வீதம் 12 பாடங்கள். இலையுதிர், வசந்தம், கோடை என ஆண்டின் மூன்று பருவங்களிலும் இரண்டிரண்டு பாடங்கள் எடுத்தால் இரண்டு ஆண்டில் முடியும். ஒவ்வொன்றாக எடுத்தால் நான்கு ஆண்டு. மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரத்துக்கு ஒன்பது மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. கோடைப் பருவம் குறுகியது என்பதால் அந்த மணிநேரம் இன்னும் கூடும். முழுநேர வேலையில் இருப்பவர் முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கும்படிதான் நான் யாருக்கும் சொல்வேன். மாணவர் கடன் பெறும் அமெரிக்கக் குடிமக்களும் பச்சை அட்டை வைத்திருப்பவர்களும் மட்டும் இதில் விதிவிலக்கு. கூட்டரசுக் கடனுக்குக் குறைந்தது பாதிநேர மாணவராக இருக்க வேண்டும் என்பதால், எத்தனை கிரெடிட் பாதிநேரமாகும் என்பதைத் தாய்ப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்திடம் முதலில் கேளுங்கள்.

ஒவ்வொரு பருவத்திலும் பதிவு செய்தல்

ஒவ்வொரு உறுப்புப் பல்கலைக்கழகத்திலும் இந்தக் கூட்டுப் படிப்புகளுக்கென ஒரு வளாக ஒருங்கிணைப்பாளர் இருப்பார். பருவம் தோறும் உங்கள் பதிவு அவர் வழியாகவே கற்பிக்கும் பல்கலைக்கழகத்தைச் சென்றடைகிறது. கிரேட் பிளெயின்ஸ் கூட்டமைப்பில் இந்தத் தகவல் பரிமாற்றத்துக்காக கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'எக்ஸ்பான்சிஸ்' என்ற மென்பொருளையே உருவாக்கினார்கள். நீங்கள் உங்கள் பல்கலைக்கழகத்தின் பாட எண்ணில் பதிவு செய்வீர்கள். அதே பாடத்துக்குக் கற்பிக்கும் இடத்தில் வேறொரு எண் இருக்கும். இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல்களில் இரண்டும் கலந்து வரும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

பதிவைத் தொடக்க நாளிலேயே செய்துவிடுங்கள். தாய்ப் பல்கலைக்கழகத்தில் பதிவான பெயர் இன்னொரு பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் ஏறி, அங்கே உங்களுக்கு ஒரு பயனர் கணக்கு உருவாகி, பிறகுதான் வகுப்பின் கதவு திறக்கும். ஒரே வளாகத்துக்குள் சில நிமிடங்களில் முடியும் வேலை இங்கே பல நாள் எடுக்கும்.

வகுப்பு தொடங்கும் வாரம்

கற்பிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து பயனர் பெயரும் கடவுச்சொல் அமைக்கும் வழியும் மின்னஞ்சலில் வரும். அது எந்த முகவரிக்கு வரும் என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பல்கலைக்கழகம் தந்த முகவரிக்கு வந்த கடிதத்தைத் தம் சொந்த முகவரியில் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர். வகுப்பு நடப்பது கற்பிக்கும் பல்கலைக்கழகத்தின் கற்றல் தளத்தில். ஒரே பருவத்தில் இரண்டு பாடம் எடுத்தால் இரண்டு தளங்கள், இரண்டு கடவுச்சொற்கள், இரட்டை அடையாளச் சரிபார்ப்பு என்று வரும்.

தேதிகளில் இன்னும் கவனம் வேண்டும். பல்கலைக்கழகங்களின் கல்வி நாட்காட்டிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தாய்ப் பல்கலைக்கழகத்தில் பருவம் தொடங்கும் முன்பே நீங்கள் பதிவு செய்த பாடம் வேறிடத்தில் தொடங்கிவிடலாம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி தம் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, முதல் வார விவாதத்தையும் அதற்கான மதிப்பெண்ணையும் இழந்தார். வகுப்புக்குரிய தொடக்கம், விடுமுறை, தேர்வு எல்லாம் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிப்படியே நடக்கும்.

நேர வேறுபாட்டையும் எழுதி வையுங்கள். ஞாயிறு இரவு 11:59க்குள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை, அமெரிக்க மத்திய நேரப்படி என்றால், இந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தில் திங்கள் காலை 11:29, கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது காலை 10:29. அமெரிக்கர்கள் கடிகாரத்தை மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். இரண்டுமே பருவத்தின் நடுவில் வருகின்றன. மொன்டானாவிலிருந்து நடக்கும் பாடம் மலைப்பகுதி நேரத்தைப் பின்பற்றும் என்பதால் அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

நூலகம் தாய்ப் பல்கலைக்கழகத்தினுடையது. ஆய்விதழ்களை அதன் கணக்கில் நுழைந்தே படிக்க வேண்டும். உடல்நிலை காரணமாகத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற வசதி தேவைப்படுவோர், தாய்ப் பல்கலைக்கழகத்தின் உரிய அலுவலகத்தில் சான்றைப் பெற்று, அது ஒவ்வொரு பருவத்திலும் கற்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். தானாகப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள்.

கட்டணமும் விலகலும்

எந்தப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தினாலும் கட்டணத்தைத் தாய்ப் பல்கலைக்கழகத்திடமே செலுத்துவீர்கள்; அவர்களுக்குள் பங்கீடு எப்படி நடக்கிறது என்பது மாணவரின் கவலை அல்ல. பாடத்திலிருந்து விலக நேர்ந்தால்தான் விழிப்பு வேண்டும். கற்றல் தளத்துக்குள் நுழையாமல் இருப்பது விலகல் ஆகாது. பேராசிரியரிடம் சொல்வதும் போதாது. தாய்ப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி விலகி, ஒருங்கிணைப்பாளருக்கு அதே நாளில் எழுதி, கற்பிக்கும் இடத்திலும் பெயர் நீக்கப்பட்டதாகப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியைப் பருவத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள்.

மதிப்பெண்ணும் முறையீடும்

பேராசிரியர் தரும் மதிப்பு முதலில் அவருடைய பல்கலைக்கழகத்தில் பதிவாகி, அங்கிருந்து உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பிறகே மதிப்பெண் பட்டியலில் ஏறும். இந்தப் பயணத்தில் வடிவமும் மாறலாம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'ஏ மைனஸ்', 'பி பிளஸ்' போன்ற மதிப்புகள் உண்டு. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏ, பி, சி என்ற முழு எழுத்துகள் மட்டுமே. வேறிடத்தில் பெற்ற மதிப்பை உங்கள் பல்கலைக்கழகம் எப்படி மாற்றிப் பதிகிறது என்று ஆலோசகரிடம் கேளுங்கள், முதுகலையில் 4.0 அளவில் 3.0 சராசரியைக் காக்க வேண்டியிருப்பதால் இது தேவையான கேள்வி.

மதிப்பெண்ணில் குறை இருப்பதாகக் கருதினால் முறையீடு வழக்கமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகளின்படி நடக்கும். பிறர் எழுத்தை எடுத்தாள்வது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவது போன்றவற்றிலும் அந்தப் பாடத்தின் விதியே செல்லும். சென்ற பருவத்துப் பேராசிரியர் அனுமதித்ததை இந்தப் பருவத்துப் பேராசிரியர் தடைசெய்திருக்கலாம். ஒவ்வொரு பாடத்தின் விளக்கக் குறிப்பையும் முதல் நாளே முழுவதும் படிப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

பட்டம் பெறும் பருவம்

பட்டத்துக்கான விண்ணப்பத்தைக் கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே தாய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். இறுதிப் பாடங்களை வேறு பல்கலைக்கழகம் நடத்துமானால் மதிப்பெண் வந்து சேரத் தாமதமாகலாம் என்பதை ஒருங்கிணைப்பாளருக்கு முன்பே நினைவூட்டுங்கள்; இயன்றால் கடைசிப் பருவத்துக்கெனத் தாய்ப் பல்கலைக்கழகமே நடத்தும் பாடத்தை ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு வேலையை முதல் பருவத்திலிருந்தே செய்து வர வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் விளக்கக் குறிப்பையும், நீங்கள் எழுதிய கட்டுரைகளையும், பேராசிரியர் தந்த கருத்துரைகளையும் பருவம் முடியும் நாளிலேயே பதிவிறக்கி, பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆண்டும் குறித்துச் சேமித்து வையுங்கள். பருவம் முடிந்த சில வாரங்களில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் உங்கள் கணக்கை மூடிவிடக்கூடும். பின்னாளில் முனைவர் படிப்புக்கோ, உரிமத்துக்கோ, பட்டத்தின் இணைத்தன்மைக்கோ விண்ணப்பிக்கும்போது ஐந்தாறு பல்கலைக்கழகங்களின் பாட விளக்கங்கள் கேட்கப்பட்டால், அவை உங்கள் கணினியில் இருப்பதுதான் நல்லது.